இருக்கிறதென்று அக்கா சொல்லும் காந்தள்

1

பூவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த அன்று பூவும் இல்லை, கொடியும் இல்லை. வாசலோரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெறும் மண். அதன்முன் அக்கா குந்தியிருந்தாள். அதைப் பார்த்ததில் தொடங்கியதுதான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: ‘வேலியோரங்களில் தானாகவே முளைக்கும் காந்தள், நெருப்பு நிறத்தில்…’

(அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது இன்னும் பூக்கவே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், சாலையை அகலப்படுத்தத் தோண்டிய மண்ணில் இந்தக் கிழங்கு கிடைத்தது. முதல் வருடம் நாலு இலை. அடுத்த வருடம் ஜன்னல் கம்பி வரை கொடி. இரண்டு தடவையும் மழைக்காலம் முடிந்ததும் காய்ந்து, மண்ணுக்குள் போய்விட்டது. இந்த மழைக்குப் பூக்கும் என்கிறாள்.

2

காரை உள்ளே நிறுத்த வாசல் முழுக்க சிமென்ட் போடப் போவதாக வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சொன்னார்.

“இந்த ஒரு முழத்த மட்டும் விட்டுடுங்க சார். செடி இருக்கு” என்றாள் அக்கா.

“எங்கம்மா இருக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

“உள்ள தூங்குது.”

“அப்ப ஒரு தலகாணி வாங்கிக் குடுங்க” என்று சிரித்தார். பிறகு, “சரி, தோண்டிக் காட்டுங்க. இருந்தா விட்டுடறேன்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் உறங்கும் கிழங்கின் நுனியில் ஒரே ஒரு முளைதான். கிளறும்போது அது ஒடிந்தால் அவ்வளவுதான், மறுபடி முளைக்காது.

(அக்காவின் கணவர், மாமாவைப் பற்றி ஒரு குறிப்பு. அக்கா வேலைக்குப் போனபின், ‘பாவம், காயுதே’ என்று அந்த மண்ணில் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தூங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். “நல்லதுன்னு நெனச்சுத்தான்டி செஞ்சேன்” என்றார். அக்கா சொம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திட்டவும் தெம்பு வேண்டுமே.)

ஆக, உள்ளே கிழங்கு உயிரோடு இருக்கிறதா என்பது எனக்கும் தெரியாது.

3

முடிவு ஒன்று: தோண்டுகிறாள். கிழங்கு இருக்கிறது. முளை ஒடிகிறது. வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் ஒரு முழம் விட்டுக்கொடுக்கிறார்.

முடிவு இரண்டு: தோண்டவில்லை. சிமென்ட்…

முடிவு மூன்று: மழை வருகிறது, மண் பிளக்கிறது, நெருப்பு நிறத்தில்…

(இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். “பொய் சொல்லாதடி. அப்புறம் நெசமா பூத்தாக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”)

4

நடந்ததை, நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

கொத்தனார் கலவை போட்டுவிட்டார். வேலை முடிந்து வந்த அக்கா, ஒரு கரண்டியோடு மண்ணருகே நின்றாள். தோண்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிங்கக்கா, கலவ இறுகிடும்.”

“காலு விண்ணுவிண்ணுங்குது அண்ணே. அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.”

அவர் மறுகோடியிலிருந்து பூசிக்கொண்டே வருகிறார். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். தூக்கமா, பாசாங்கா என்று நான் எழுதப் போவதில்லை. சிமென்ட் அவள் பாதத்துக்கு நாலு விரல் தள்ளி வந்து நிற்கிறது.

அவளை எழுப்பச் சொல்லிக் கொத்தனார் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.