படகு வராத அத்தியாயம்

மதியத்தில் அக்காவின் அறை தரையில் இல்லாததுபோல இருக்கும். நீலத் திரை காற்றில் உப்பும், அடங்கும். மாத்திரை மயக்கத்தில் அவள் கண் பாதி மூடியிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து நாவல் வாசிப்பேன். காலமெல்லாம் ஊருக்குத் துணி தைத்துத் தந்தவள். கதை கேட்க அவளுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது, அதுவும் இப்படி.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் அத்தானிடம் சொல்லிவிட்டார். "அவ காதுக்குப் போச்சுன்னா உடைஞ்சுபோயிடுவா" என்று அத்தான் எங்கள் எல்லோர் வாயையும் பூட்டினார். வீடே சிரித்த முகத்தோடு திரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் சிரித்தேன்.

நாவலில் ஒரு தீவு. காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்கு டாக்டரைக் கூட்டிவரப் படகு போயிருக்கிறது. கடைசி அத்தியாயத்தை நான் முன்பே படித்துவிட்டேன். படகு வராது. அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் போய்விடுவாள். இதை எந்த வாயால் வாசிப்பது? படகைக் கரை சேர்த்தேன். ஊசி போட வைத்தேன். விட்டால் கல்யாணமே செய்து வைத்திருப்பேன்.

"ஏண்டி, இதெல்லாம் புத்தகத்துலயா இருக்கு?" அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"பின்ன, என் கையிலயா இருக்கு?"

"வேற நூல்ல ஒட்டுப் போட்டா எனக்குத் தெரியாதா? அவ பொழைக்க மாட்டான்னு முதல் நாளே தெரியும். ஒழுங்கா படி."

படித்தேன். அலை வந்தது, படகு வரவில்லை. தலையணை நனைய அக்கா அழுதாள், வெட்கமே இல்லாமல், ஒருவித சுகத்தோடு. நானும் அழுதேன். முடிவு தெரிந்த சோகத்தை மனிதர்கள் ஏன் தேடிப் போய்க் கேட்கிறார்கள் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. அந்தப் பெண்ணுக்காக அழ எங்களுக்கு யாரும் தடை போடவில்லை.

"பாவி, என்னமா எழுதியிருக்கான்!" என்று மூக்கைத் துடைத்தாள். பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "சரி, இப்ப என்னோடதச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தான் டீயோடு வாசலில் வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"வந்து உக்காருங்க" என்றாள் அக்கா. "இத்தனை நாளும் இத நீங்க தனியாவா வச்சிக்கிட்டு அலைஞ்சீங்க?"