மோரிஸுக்குப் பின்னால் வந்தவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவர் மோரிஸ். அதில் குளிர்காய்ந்தவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜித்ராவுக்கு, நீண்ட வார விடுமுறையில், பன்னிரண்டு சைக்கிள்கள் பனியைக் கிழித்துக்கொண்டு...' வேண்டாம். பனியும் இல்லை, நாங்கள் எதையும் கிழிக்கவும் இல்லை. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு முட்டிவலி.

2

கதைக்கு வேண்டிய ஆள் டேரில். குழுவில் கடைசியாக வருபவர். கடைசி ஆளுக்கு ஒரே சட்டம்தான்: முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் தாண்டக் கூடாது. டேரிலுக்கு முன்னால் மோரிஸ். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். புறப்படும்போது மோரிஸின் மனைவி கேதரின், அவருடைய மாத்திரையையும் கைப்பேசியையும் டேரிலிடம் கொடுத்து, "உங்கள நம்பித்தான் அனுப்புறேண்ணே. விட்டுட்டுப் போயிடாதீங்கலா" என்றார்.

வழியில் குரூன் ஊருக்கு முன்னால் செம்பனைத் தோட்டத்து ஏற்றம். வேறு குழுப் பெண் ஒருத்தி டேரிலைத் தாண்டும்போது, "ஓகே ஆ, அங்கிள்?" என்று கேட்டுவிட்டாள். டேரிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மிதித்தார். மோரிஸையும் தாண்டினார். குரூன் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோலை* இரண்டாவது கிண்ணம் முடிக்கும்போதுதான் முதுகுப்பையில் இருந்த மாத்திரை ஞாபகம் வந்தது.

(இவ்வளவு பொறுப்பில்லாத ஆளை வாசகர் நம்புவாரா?)

* முதல் பிரதியில் ஒரு கிண்ணம் என்றுதான் எழுதியிருந்தேன்.

3

நம்பலாம். டேரில் என்று யாரும் இல்லை. அது நான், லோகன்.

திரும்பி மிதிக்கும்போதே கேதரினிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். 'தங்கச்சி, மோரிஸ்...' அதற்கு மேல் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மோரிஸ் செம்பனை மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

"செண்டோல் நல்லா இருந்துச்சாண்ணே? மீசையில ஒட்டியிருக்கு."

4

கிளினிக்கில் பயமில்லை என்றார்கள். வேன் பிடித்து, திகாம் பத்து ஊரிலுள்ள அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

"அண்ணன் என்ன விட்டு ஒரு அடி நகரலலா. அவர் இல்லன்னா நான் இல்ல" என்றார் மோரிஸ்.

கேதரின் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மீன் குழம்பில் தலைத்துண்டை எனக்கு வைத்தார். சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது.

5

முடிவு ஒன்று: மோரிஸ் போன பிறகு கேதரினுக்கு உண்மை... சீ, எழுதும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாது. நான் இனி ஒழுங்காகப் பின்னால் போவேன். (இது எனக்கு ரொம்பச் சௌகரியம். அதனால் அடித்துவிட்டேன்.)

இந்த வாரமும் நீண்ட விடுமுறை. காலையில் கேதரின் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார்: 'அண்ணே, நீங்கதானே பின்னால வர்றீங்க? அப்படின்னாதான் அவர அனுப்புவேன்.'

'ஆமா தங்...' வரை தட்டி, அழித்தேன். பதிலாக இந்தக் கதையை நான்காம் பகுதிவரை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. கேதரின் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டுகிறது.

இதற்கு மேல் எழுத வேண்டியது நான் இல்லை.