முந்தி வரும் சத்தம்

என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். "வானத்தப் பாத்து ஜோசியம் சொல்றியாமே?" என்பார்கள். ஜோசியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எக்ஸ்ரே கதிரைக் காற்று தடுத்துவிடும் என்பதால் தொலைநோக்கியை விண்வெளியில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அது அனுப்பும் தரவை முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அலசுகிறேன், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஒரே ஒரு குவேசார். மிக மிகத் தொலைவில் எரியும் புள்ளி. நடுவில் ஒரு பெரிய விண்மீன் மண்டலம் நிற்பதால் அதன் ஒளி வளைந்து இரண்டு வழியாக வருகிறது, நமக்கு இரண்டு புள்ளிகளாகத் தெரிகிறது. ஒரு வழி குட்டை, ஒரு வழி நெட்டை. குவேசார் ஒருமுறை மினுக்கினால் முதல் புள்ளி முதலில் மினுக்கும், மற்றது சில நாள் கழித்து மினுக்கும். முதல் புள்ளியில் வந்துவிட்டால் இரண்டாவதில் வந்தே தீரும். கிளம்பிவிட்ட ஒளியை யார் நிறுத்துவது?

இந்தக் கூத்து என் வீட்டிலேயே நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் கணவர் தமிழ்மாறன் சேதராப்பட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பைக்கில்தான் போய்வருவார். ஆடி மாதம் தொடங்கி, மத்தியான வேளையில் அவருடைய பைக் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கேட் கிறீச்சிடும். ஃபிரிட்ஜ் மேல் ஹெல்மெட்டை டொக்கென்று வைக்கும் சத்தம். "பூவு, தண்ணி குடு." போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. சாயங்காலம் அவர் நிஜமாகவே வருவார். அதே கிறீச், அதே டொக், அதே குரல். ஒருநாள் மத்தியானம் கூடவே இருமலும் கேட்டது. சாயங்காலம் இருமிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"எந்நேரமும் கம்ப்யூட்டரையே மொறச்சிப் பாத்தா இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

ஒருநாள் மத்தியானம் ஒன்றுமே கேட்கவில்லை. ஃபேன் மட்டும் ஓடியது. அப்படியென்றால் சாயங்காலம்? போன் போட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு வண்டில வராதீங்க. கம்பெனி பஸ்ல வாங்க."

"ஏன், என்னா ஆச்சி?"

"கேள்வி கேக்காதீங்க. என் மேல சத்தியம்."

பஸ்ஸில் வந்தார். மணிக்கூண்டில் இறங்கி நடந்து, நான் திறந்தே வைத்திருந்த கேட் வழியாக வந்து பேசாமல் நின்றார். அட, இதனால்தான் மத்தியானம் ஒன்றும் கேட்கவில்லையா! அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர் கொடுத்தேன்.

பாதித் தம்ளர் குடித்திருப்பார். தெருமுனையில் அவருடைய பைக் சத்தம் கேட்டது. அடுத்து லாரி ஹாரன். அடுத்து, தார் ரோட்டில் இரும்பு தேய்ந்துகொண்டே போகும் சத்தம், நீளமாக. "ஐயோ" என்று ஒரு பெண் அலறினாள். அது என் குரல். ஆனால் நான் வாயே திறக்கவில்லை.

தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு கன்னியம்மாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னா பூவிழி, பேயறஞ்ச மாரி நிக்கிற?"

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்த அவருக்கும் கேட்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தேன். சத்தம் எப்போதும் முந்தித்தான் வரும், நடப்பது பிந்தி. அப்படியானால் நாங்கள் எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. அது இனிமேல்தான் நடக்கவேண்டும்.

"வண்டி கம்பெனிலயே நிக்கிது. நாளைக்கு பஸ்ல போயிட்டு, வரும்போது ஓட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆணியில் அவர் பேண்ட் தொங்கியது. பாக்கெட்டில் பைக் சாவி. எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிக் கிணற்றில் போட்டேன். தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

குளித்துவிட்டு வந்தவர் பாக்கெட்டைத் துழாவினார்.

"சாவிய எங்க வெச்சன்?"

"பஸ்ல வுழுந்திருக்கும். போனா போவுது, வுடுங்க."

"அதுக்கென்னா" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "ஸ்பேர் சாவி கம்பெனி டிராயர்லயே கெடக்குது."