டெஸ்ட் மெம்பர் வனஜா

இருநூறு பேரை நான்தான் உண்டாக்க வேண்டும் என்று வரதன் அண்ணன் சொல்லிவிட்டார். பழைய மாணவர் சங்கம் ஒன்றுக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த சைட்டைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை அதன் செயலாளர் வருகிறார். உள்ளே மெம்பர்களே இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்குமாம். பெயர், ஊர், பள்ளி முடித்த ஆண்டு, தன்னைப் பற்றி நாலு வரி. ஆண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒன்பதாவதோடு நின்ற நான் இருநூறு தடவை அதை நிரப்பினேன்.

மண்ணூர்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மொத்தம் நாலு பேர். வரதன் அண்ணன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி, ஒரு விரல் நுனியை அதில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்ப்யூட்டர் புத்தகம் படித்தவர். லோகேஷ் இன்ஜினியரிங், இரண்டு அரியர் இன்னும் பாக்கி. சுரேகா அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே தபாலில் படித்து வந்தவள். நான் டைப் அடிப்பேன், கெட்ட வார்த்தைப் பதிவுகளை நீக்குவேன். அதிகம் பேசமாட்டேன். வீட்டுக்குப் போனதும் அன்று கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதுவேன். அது யாருக்கும் தெரியாது.

நாற்பது பேருக்கு மேல் எனக்கு ஆள் தோன்றவில்லை. கண் எரிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி அடித்தேன். யார் படிக்கப் போகிறார்கள்? எப்படியும் பிறகு அழித்துவிடும் ஆட்கள்தானே.

செவ்வாய்க்கிழமை வந்த செயலாளர் நாகப்பன் சார் எல்லாவற்றையும் படிக்கிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“வனஜா. நசரத்பேட்டை. காலர் தைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கக்கூஸில் உட்கார்ந்து படித்தேன். புருஷன் வீட்டைவிட்டு வந்த அன்று தாலியைக் கழற்றி பென்சில் டப்பாவில் வைத்தேன். கேட்பவர்களிடம் அவர் துபாயில் இருப்பதாகச் சொல்கிறேன்.”

ஆபீஸில் எல்லோருக்கும் சுரேகா அக்காவின் புருஷன் துபாயில்தான் இருக்கிறார். அவள் குடியிருப்பது வரதன் அண்ணனின் சித்தி வீட்டு மாடியில். புருஷனை விட்டு வந்தவளுக்கு அந்த அம்மா வீடு தரமாட்டாள். ஷேர் ஆட்டோவில், ஒரு மழை நாளில், என்னிடம் மட்டும் அக்கா சொன்ன கதைதான் வனஜாவுடையது.

வரதன் அண்ணன் மெதுவாகத் திரும்பினார். அவள் காலர் தைத்தது அவருக்கும் தெரியும்.

“இன்னா சுரேகா இது?”

“டெஸ்ட் டேட்டாண்ணா.” அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தாட்சாயிணி சீரியல் பாத்துகினு அடிச்சிகீது.”

“வாயே தொறக்காது மாமே,” என்று என்னைக் காட்டினான் லோகேஷ். “உள்ள இவ்ளோ கீது பாரு!”

நாகப்பன் சார் சிரித்தார். இப்படிப் போட்டால் மெம்பர்கள் அழுதுவிடுவார்கள், சந்தோஷமாக நாலு பேரைப் போடும்மா என்றார். வரதன் அண்ணன் கடைசியாகச் சிரித்தார், குறைந்த விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே. அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சாரை பஸ் ஏற்றிவிட அவர் இறங்கிப் போனார். லோகேஷ் டீக்கடைக்குப் போனான். கீழே காயில் கடையில் சுத்தியல் நின்று நின்று தட்டியது.

அக்கா வனஜாவைத் திறந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ‘பென்சில்’ என்பதை அழித்துவிட்டு ‘பவுடர்’ என்று அடித்தாள். முழுவதையும் ஒருமுறை, உதடு அசையாமல் படித்தாள். பிறகு வனஜாவையே நீக்கினாள். மெம்பர்கள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று மேலே காட்டியது.

“நோட்ட குடு.”

பை என் மடியில் இருந்தது. அந்த நோட்டை அவள் பல நாள் என் பையில் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. கிழிக்கவா, திருத்தவா என்று யோசித்தபடி ஜிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது, தையல் ஊசி இறங்கிய இடம். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அதை நான் எழுதியிருக்கவில்லை.