சீசனுக்கு விடுகிற வீடு

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. டீக்கடையில் நிற்கிறவர்கள் கையில் இருக்கும் டீயைப் பார்க்க மாட்டார்கள், மலையைத்தான் பார்ப்பார்கள். மேகம் இறங்கியிருக்கிறதா, புளியறைப் பக்கமிருந்து காற்று வருகிறதா, அருவியில் பாறை தெரிகிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்கிறவனுக்கும் பதில் தெரியும். ஆனாலும் கேட்பான்.

எங்கள் ஊரில் சீசன் என்றால் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டுகிற காலம். ஐந்தருவி ரோட்டில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் அப்போது சொந்த வீட்டில் இருக்க மாட்டோம். வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு, அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கும் தகர ஷெட்டுக்குப் போய்விடுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் பாண்டித்துரை இதைச் சொன்னபோது கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நான் கீழப்பாவூர்க்காரி. எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டை விட்டுப் போவதென்றால் சண்டை போட்டுக்கொண்டு போவதுதான்.

இந்த வருஷம் ஷெட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். காரணம் என் வயிற்றில் இருந்தது. அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

இதற்கு முன் இரண்டு தடவை எனக்குத் தங்கவில்லை. இரண்டும் சீசனில் போனவை. ஒன்று, வீட்டைக் காலி செய்ய பீரோவை நகர்த்திய மறுநாள். இன்னொன்று, ஷெட்டில் ஒழுகிய தண்ணீரை வாளி வாளியாக வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது. வேலை செய்ததால் இப்படி ஆகவில்லை, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தென்காசி டாக்டரம்மா இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார். புத்தி ஒத்துக்கொண்டது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை பாரம் தூக்காதே, முடிந்தவரை படுத்தே இரு என்று சொல்லி அனுப்பினார்.

போன தடவை பாண்டித்துரை தான் ஓட்டும் லோடு ஆட்டோவை நிறுத்தி நிறுத்தித் தெருவெல்லாம் சொன்னார். அல்வா வேறு கொடுத்தார். பிறகு அத்தனை பேரிடமும் மற்ற செய்தியையும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வந்து ஷெட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. ஸ்கேனில் இதயம் துடிப்பது தெரியட்டும், அதுவரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன்.

அவரிடம் வேலையைக் காரணம் காட்டினேன். அதை ஷெட்டிலும் செய்யலாமே என்றுவிட்டார். வேலை இருந்தது உண்மைதான். சென்னையில் ஒரு பதிப்பகம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஆங்கில அகராதி தயாரிக்கிறது. சாதாரணமாகப் புழங்கும் சொற்கள், அவற்றின் பொருள்கள், அவை எங்கிருந்து வந்தன என்று தமிழில் எழுத வேண்டும். எஸ் எழுத்து என் பங்கு. நான் மாட்டிக்கொண்டு நின்றதும் இதே சீசன் என்ற சொல்லில்தான்.

அலைந்து திரிந்த சொல் அது. பருவம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாம்பழ சீசன், ஐயப்ப சீசன், ரயிலுக்கு சீசன் டிக்கெட் எல்லாம் அதிலிருந்து வந்தவை. மரத்தை அறுத்து ஈரம் போகக் காயவைப்பதும் சீசன்தான். நம் ஆசாரிமார்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சமையலில் உப்பும் மிளகும் சேர்ப்பதும் அதே சொல். பிரெஞ்சுக்காரர்கள் பழம் கனிவதற்கு வைத்திருந்த சொல், கனிந்தால் ருசி வருமே என்று ருசிக்கும் போய்விட்டது. இதெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். அதற்கும் முன்னால், லத்தீனில், அதன் முதல் பொருள் விதைத்தல். பிறகு விதைக்கிற காலம். அந்த ஒரு வரியை மட்டும் எழுத முடியவில்லை. அடிப்பேன், அழிப்பேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். விதைத்துவிட்டு எவனாவது அந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடுப்பானா என்று எரிச்சலாக வரும்.

"அக்கா, அந்த ஒரு வார்த்தையிலயே நிக்கியளே," என்று ஜெஸ்வின் போனில் அலுத்துக்கொண்டான். நாகர்கோவில் பையன், அகராதியை மேற்பார்க்கிறவன். "பொருள் எல்லாம் வந்துட்டு. மூலம் மட்டும் வரல்ல."

"வரும்டே. கொஞ்சம் பொறு," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் வருகிறவர் மதுரை யோகலட்சுமி அக்கா. மகன், மருமகள், சம்பந்தி என்று ஒரு வேன் நிறைய வருவார். முன்பு ஒரு வருஷம் பாண்டித்துரை தண்ணீர் கொட்டுகிறது என்று ஆசையில் அளந்துவிட, அவர்கள் வந்து காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அக்கா என் வாயால் சொன்னால்தான் நம்புவார். சாரல் விழுந்ததும் நான் போன் போட வேண்டும். மறுநாள் வேன் வந்து நிற்கும்.

சாரல் ஒரு காலையில் விழுந்தது. முதலில் தகர ஷெட்டின் கூரையில் மெல்லக் கேட்டது. பிறகு தெருவில் ஆட்கள் கத்துவது கேட்டது. பாண்டித்துரை சட்டைகூடப் போடாமல் வாசலில் போய் நின்று நனைந்தார்.

"ஏட்டி, விழுந்துட்டு! மதுரைக்குப் போன் போடு!"

"போடுதேன்," என்றேன்.

உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். நான் எடுப்பதற்குள் அக்காவே கூப்பிட்டார்.

"என்னம்மா, சாரல் விழுந்துருச்சா?"

"இல்லக்கா. பாறதான் தெரியுது. வெயிலு கொளுத்துது."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். கொட்டுகிற அருவியை இல்லை என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு வீட்டுக்குள் இருந்தது முள் மேல் இருந்த மாதிரிதான். பக்கத்து வீட்டு சொக்கம்மாள் அக்கா அன்றைக்கே சாமான்களை ஷெட்டுக்கு மாற்றிவிட்டார். அவர்கள் வீட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். தெருவெல்லாம் எண்ணெய் வாசனையும் ஈரத் துண்டுமாக இருந்தது. பாண்டித்துரை வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார்.

"எல்லார் வீட்டுக்கும் ஆளு வந்துட்டு. நமக்கு மட்டும் என்னட்டி? நீ சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"பாப்போம்னாவ."

பொய் ஒன்று சொன்னால் துணைக்கு இன்னொன்று தேவைப்படுகிறது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். அந்த முதுகு ஞாபகம் வரும். விழுங்கிவிடுவேன். அவர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஷெட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். நீயும் ஒரு கை பிடி என்று சொன்னபோதெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வேன் வந்து நின்றது. யோகலட்சுமி அக்கா நனைந்துகொண்டே இறங்கினார். கையில் போன். அதில் ஐந்தருவி ஆளை அடித்துத் தள்ளுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா முத்துச்செல்வி, வெயிலு கொளுத்துதுன்னு சொன்ன? என் பேத்தி இதக் காட்டுறா. ஊரே குளிக்குது, எங்கள மட்டும் ஏன் வரவிடல? எங்ககிட்ட என்ன தப்பு கண்ட?"

பாண்டித்துரை அப்போது கேஸ் அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடையில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது.

"நீ சாரல் இல்லன்னா சொன்ன? ஏட்டி, ஏன் சொன்ன?"

அவரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, நான் மாசமா இருக்கேன். ரெண்டு தடவ போயிட்டு. ரெண்டும் இந்த வீட்டக் காலி பண்ணிக் குடுக்கப்போயித்தான் போச்சு. டாக்டர் படுத்தே இருன்னுட்டாவ. அந்த ஷெட்டுக்குள்ள நான் திரும்பப் போவ மாட்டேன். என்னால முடியாது."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அடக்கவில்லை.

பாண்டித்துரை கையிலிருந்த அடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி சமையலறைக்குள் போனார். அடுப்பை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. டியூபை மாட்டினார். திரும்பி வந்து, "அக்கா, இந்த வருசம் வீடு இல்லக்கா. லாட்ஜுல எங்கயாவது நானே பாத்துத் தாரேன்," என்றார்.

"சனிக்கிழமை அதுவுமா லாட்ஜு கிடைக்குமாக்கும்?" என்று அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "குளிக்க வந்த ஆளுகளுக்கு மாளிகையா வேணும்? அந்த ஷெட்ட எங்களுக்குத் தொறந்து விடுங்க தம்பி. நீங்க இத்தன வருசம் இருந்தீங்கள்ல. நாங்க ரெண்டு நாளு இருந்தா தேஞ்சா போவோம்?"

அரை மணி நேரத்தில் மதுரைக்காரர்கள் பின்னால் சாம்பார் கொதிக்கவைத்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று சம்பந்தியம்மா சத்தம் போடுவது கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

பாண்டித்துரை உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டயே சொல்லலயேட்டி. நான் ஊர் பூரா சொல்லிப்போடுவேன்னா?"

"ஆமா."

"இந்தத் தடவ ஒருத்தர்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவர் வாயை மூடுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் யோகலட்சுமி அக்கா சொக்கம்மாள் அக்காவிடம் முழுக் கதையும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கேட்டோம். தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெஸ்வின் மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. மடியில் லேப்டாப்பை வைத்து, முதல் பொருள்: விதைத்தல் என்று அடித்து அனுப்பிவிட்டுப் படுத்தேன். ஓட்டுக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் சீசன் மழையை என் வீட்டுக்குள் படுத்துக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். பயம் போகவில்லை. ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருந்தது. கை அதுபாட்டுக்கு வயிற்றில் போய் இருந்தது.

"இது தங்கும்லாட்டி?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன். "ஆனா நான் இங்கனயேதான் இருப்பேன்."