வண்டிக்குத் தெரிந்த சாவிகள்

சாவிக்காரர் கொஞ்சம் பருமன். தன் கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகுவதற்காகக் காருக்குள் நுழைந்தார். தொப்பை இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்று கீழே கையை விட்டார்.

"சீட்டைத் தொடாதீங்க" என்றான் அவன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சாவிக்காரர் சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த சீட் அவன் மனைவி வைத்த இடத்தில் இருந்தது. அவள் நாலே முக்கால் அடி உயரம். 'அரைப்படி' என்றுதான் அவன் கூப்பிடுவான். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கை கால் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அதற்காக வாங்கிய கார் இது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல், மூன்றே நாளில் அவளைக் கொண்டுபோனது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அவன் காரை எடுப்பான். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் முட்ட, மடக்கிய குடை மாதிரி உட்கார்ந்து ஓட்டுவான். வீட்டில் மற்றதையெல்லாம் யார் யாரோ துடைத்து அடுக்கி இடம் மாற்றிவிட்டார்கள். அவள் கைபட்டபடி மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். வேறு யாரும் வண்டியை எடுக்கக் கூடாது என்று கீழ் வீட்டில் இருந்த தன் அக்காவிடமும் அவள் புருஷனிடமும் சொல்லியிருந்தான்.

கையில் இருந்தது ஒரே ஒரு சாவி. மனைவியின் சாவி அவள் கைப்பையில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தப் பையை வாங்கிக்கொண்டவள் அக்கா. "சாவி பையில இல்லடா" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவன் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய், பெருக்குகிறவர்கள் வரை விசாரித்துவிட்டு வந்தான். போன வாரம் சட்டைப்பை கிழிந்து, இருக்கிற சாவியும் நடுரோட்டில் விழுந்து, தேடித்தான் கிடைத்தது. அந்தப் பயத்தில்தான் இந்தக் கடைக்கு வந்தான்.

"இரும்பை வெட்டுறது அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றார் சாவிக்காரர். காருக்கு வெளியே மண்டியிட்டு, டார்ச்சைக் கடித்துக்கொண்டு பேசினார். "கதவு திறக்கும். இன்ஜின் ரெண்டு நொடி உறுமும். அவ்வளவுதான், அடங்கிடும். சாவித் தலைக்குள்ள அரிசி சைஸ்ல ஒரு சிப் இருக்கு. அதை வண்டிக்கு அறிமுகம் பண்ணி வைக்கணும். அறிமுகம் இல்லாத ஆளை வண்டி வாசல் வரைக்கும்தான் விடும், அடுப்படிக்கு விடாது."

டார்ச் வெளிச்சம் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"அதான் கோடு போட்டு வச்சிருக்கீங்களே. எவ்வளவு தள்ளினாலும் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்துடலாமே."

அவன் குனிந்து பார்த்தான். சீட் நகர்கிற இரும்புத் தடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. அடர்ந்த சிவப்பு. நகப்பூச்சு. அவளுடைய நிறம். நோயாளிகளைத் தொடுகிற கை என்பதால் கால் விரல்களுக்கு மட்டும் பூசுவாள். "உன் காலு ஒட்டகக் காலு. நீ ஒரு தடவை ஓட்டினா நான் என் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும்" என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் இப்படி ஒரு வழி செய்துகொண்டிருக்கிறாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவளிடமிருந்து அவனுக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"உங்ககிட்ட மொத்தம் எத்தனை சாவி சார்?"

"இது ஒண்ணுதான். இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சு."

"மூணாவது?"

"மூணாவது ஏது?"

சாவிக்காரர் கருவியின் திரையை அவன் பக்கம் திருப்பினார். பதிவான சாவிகள்: மூன்று.

"கம்பெனிக்காரன் கொடுக்கிறது ரெண்டு. மூணாவது யாரோ செஞ்சது. சாவி மட்டும் கடைக்கு வந்தா ஆகாது, வண்டியும் கூடவே வந்திருக்கணும்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கையில இல்லாததை எல்லாம் மறக்கடிச்சுடவா? உங்களதும் இந்தப் புதுசும் மட்டும் வண்டிக்குத் தெரியும். மத்தது வெறும் இரும்பு."

"செஞ்சுடுங்க."

அன்று சாயங்காலம் கீழ் வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சாவி கிடைக்கவே இல்லையாக்கா?"

"எத்தனை தடவைடா கேட்ப. பையைத் தலைகீழாக் கொட்டிப் பார்த்தேன்னு சொன்னேனே."

"மூணாவதா ஒண்ணு செஞ்சிருக்காங்களாம். வண்டியையும் கொண்டுபோய்."

மறக்கடித்ததைச் சொல்ல நினைத்தான். அதற்குள் அக்காவே பேசிவிட்டாள்.

"அப்போ அவதான் யாருக்காவது செஞ்சு கொடுத்திருக்கணும்." சட்டைக் கையை உள்ளே மடித்து நீவினாள். "பத்து வீடு போயிட்டு வர்ற வேலை. நமக்கென்ன தெரியும். போனவளைப் பத்தி இப்ப என்ன பேச்சு, விடு."

மாமா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஊசியால் குத்தியிருந்தால் வலித்துவிட்டுப் போயிருக்கும். இது ஊசியை உள்ளேயே விட்டுக் கையை எடுத்த மாதிரி இருந்தது. ஞாயிறு முழுக்க அவன் அவளுடைய வேலைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது தோள், நாலரை மணி. வலது முழங்கால், ஆறு மணி. ஒரு பக்கத்தில் வெறுமனே 'மாலை' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆளும் இல்லை, அங்கமும் இல்லை. அந்த மாலை அவள் எத்தனை மணிக்கு வீடு வந்தாள் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. அது வராததே ஒரு சாட்சியாகத் தோன்றியது.

இருட்டுவதற்கு முன் காரிடம் போனான். ஓட்டவில்லை. கதவைத் திறந்து அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தான். இது தனக்காகப் போட்ட கோடுதான் என்று என்ன நிச்சயம்? உலகத்தில் ஒட்டகக் கால் அவன் ஒருவனுக்கா இருக்கிறது? செத்துப்போனவளிடம் கேட்கவும் முடியாது. அவளை இரண்டாம் முறையாகப் பறிகொடுத்தவன் போல மாடி ஏறினான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. ஆபீஸ் பஸ் டிரைவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் படுத்தே கிடந்தான். ஒன்பதரை மணிக்குக் கீழே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமியது. ரெண்டு நொடி. அடங்கியது. மறுபடி உறுமி மறுபடி அடங்கியது.

ஜன்னலுக்கு வந்தான்.

மாமா ஓட்டுநர் சீட்டில் இருந்தார். சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது. காலைச் சௌகரியமாக நீட்டியிருந்தார். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பேட்டரியா இருக்கும்" என்றாள்.

"பேட்டரி போனா உறுமவே உறுமாதுடி. உன் தம்பி என்னமோ பண்ணிட்டான்."

"இன்னைக்கு ஒரு நாள்தான், அப்புறம் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

அவன் கீழே இறங்கிப் போனான். அவனைப் பார்த்ததும் மாமாவின் கை தானாகக் கீழே போயிற்று. தன் பாட்டுக்கு சீட்டை முன்னால் இழுத்து, நெஞ்சு ஸ்டீயரிங்கில் அமுங்க, கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். தான் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

"தம்பி, பஸ் வரலையாடா?" என்றாள் அக்கா.

"வண்டிக்கு உங்களைத் தெரியாதுக்கா. சனிக்கிழமையே மறந்துபோச்சு."

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "சும்மா நிறுத்தி வச்சா வண்டி வீணாப் போயிடும் மாப்ள. பெட்ரோல்கூட நானே போட்டு வச்சிடுவேன்."

"அவ சாவி எங்க?"

அக்கா உள்ளே போனாள். பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. துணியில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து நீட்டினாள். சாவியோடு, மனைவி மாட்டிவைத்திருந்த குட்டி அளவு டேப்பும் அப்படியே இருந்தது.

"கடைக்குப் போன அந்த ஒரு நாளைத் தவிர இதை நாங்க தொடலடா. அவ சாவியை எடுத்து ஓட்ட மனசு வரல. அதான் தனியா ஒண்ணு செஞ்சோம். கேட்டா நீ கொடுக்க மாட்ட. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் பிசகாம அதே இடத்துல வச்சோம். அந்தக் கோடுகூட நான்தான் போட்டேன். அவ பையில இருந்த நகப்பூச்சுல."

அவன் சாவியைச் சுற்றியிருந்த துணியை மடித்து அக்கா கையிலேயே கொடுத்தான்.

"சனிக்கிழமை சொன்னியே. அவ யாருக்கோ செஞ்சு கொடுத்திருப்பான்னு."

"வாய்ல வந்துடுச்சுடா."

"ரெண்டு நாள் நம்பினேன்க்கா."

மாமா பிதுங்கிப் பிதுங்கி வெளியே வந்தார். அவர் நீட்டிய சாவியை அவன் வாங்கவில்லை. அது வெறும் இரும்பு. அவன் உள்ளே உட்கார்ந்தான். முழங்கால் முட்டியது. கீழே கையை விட்டு நெம்பியைத் தூக்கி, காலால் உந்தினான். சத்தமே இல்லாமல் சீட் வழுக்கிக்கொண்டு கடைசி வரை போயிற்று.

கையை வெளியே எடுத்துப் பார்த்தான். விரலெல்லாம் எண்ணெய். கிறீச்சிடாமல் இருக்க எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார்கள்.