மக்டலீனின் அத்திவாரம்

மனைவி மக்டலீனின் விறைத்த விரல்களுக்கிடையில் செபமாலையைக் கோத்துவிடச் சூசைதாசன் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, பெண்கள் சங்கத்து ஸ்ரெல்லா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணை, இதைக் கதைக்கிற நேரமில்லை. கதைக்காமலும் இருக்கேலாது. மண்டபத்துப் பேமிற் இண்டையோடை முடியுது."

அவருக்குத் தெரியும். அந்த அனுமதிக்காக அவள் அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்த நடையை அவரைவிட யார் அறிவார்? குருநகர்ப் பெண்கள் வெயிலில் குந்தியிருந்து நண்டு உடைக்காமல், கூரைக்குக் கீழே, குழாய்த் தண்ணீரோடு வேலைசெய்ய ஒரு மண்டபம். "கட்டடப் படம் சரியில்லை" என்றால் படத்தைத் திருத்திக்கொண்டு போவாள். "அடுத்த கிழமை வாங்கோ" என்றால் அடுத்த கிழமை முதல் ஆளாய்க் கந்தோர் வாங்கில் குந்தியிருப்பாள். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒருநாளும் சலித்துத் திரும்பியதுமில்லை. அனுமதி ஓராண்டுக்குத்தான், அதற்குள் வேலை தொடங்க வேண்டும். வேலை தொடங்கச் சுணங்கியபோது அவளே போய் நீடித்து வாங்கினாள். இனி நீடிப்பு இல்லை. இதற்கிடையில் கடலிலிருந்து கட்டடம் தள்ளி நிற்கவேண்டிய தூரத்தையும் கூட்டிவிட்டார்கள். பழைய அனுமதி இருக்கும்வரை பழைய அளவு. அது போனால் புது விண்ணப்பம், புது அளவு. அந்தத் துண்டுக் காணியில் கோழிக்கூடும் கட்டமுடியாது.

இன்றைக்கு அத்திவாரம் போடுவதென்று மேசனிடம் சொல்லிவைத்தவளும் அவள்தான். முந்தாநாள் விடிய, தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள்.

"மேசன் வந்து நிக்கிறான். நீங்கள் வேண்டாமெண்டா திருப்பி அனுப்பிப்போடுறன்."

மகள் பிரியந்தினி தலைநிமிர்ந்தாள். "அம்மா இன்னும் வீட்டுக்கை கிடக்கிறா. சனம் என்ன சொல்லும்?"

சூசைதாசன் மக்டலீனின் முகத்தைப் பார்த்தார்.

"பின்னேரம்தானே பெட்டி எடுக்கிறது. போட்டு வாங்கோ. எல்லாரும் போங்கோ. நான் அவவோடை இருக்கிறன்."

செத்தவீட்டுக்கென்று உடுத்த வெள்ளைச் சேலைகளோடு பெண்கள் எழுந்து போனார்கள். பிரியந்தினி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமயிரை இறுக்கி முடிந்துகொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.

அழுகுரல் அடங்கிய வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. மன்னாரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மக்டலீனின் தமையன் நீக்கிலாப்பிள்ளை வாசலில் திகைத்து நின்றார்.

"என்ன மச்சான், ஒரு பொம்பிளையையும் காணேல்லை?"

"வேலைக்குப் போட்டினம்."

"இண்டைக்கோ?"

"ஓம். அவ சொன்ன நாள் இண்டைக்குத்தான்."

நீக்கிலாப்பிள்ளை தங்கையின் கால்மாட்டில் இருந்தார். "சின்னனிலையும் இவள் இப்பிடித்தான்," என்று சிரிக்கத் தொடங்கியவர், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சுவாமியார் வருவதற்குச் சற்றுமுன் பெண்கள் திரும்பினார்கள். சேலைக்கரையெல்லாம் சீமெந்து.

"முன்மூலைக்குக் கொங்கிறீற் போட்டாச்சு, அண்ணை. மாநகரசபை ஐயாவும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போட்டார்," என்றாள் ஸ்ரெல்லா. "பேமிற் இனிச் சாகாது." சொல்லிவிட்டுக் கூரையைத் தாங்கிய கப்புக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

சூசைதாசன் கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் அள்ளி வந்தார். முற்றத்தில் நின்றவர்களின் கால்களுக்கு ஒவ்வொருத்தியாய் ஊற்றினார். கடைசியாக மகள். அவள் கணுக்காலில் சீமெந்து காய்ந்துபோயிருந்தது. குனிந்து கையாலேயே தேய்த்துவிட்டார்.

சாம்பல்நிறத் தண்ணீர் மலர்வளையங்களைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கைப் பக்கம் ஓடியது.